லாங்கே மலைச்சரிவில் ஒரு வாரம்: சந்தையில் தொடங்கி ஒயினில் முடியும் சமையல்

நம் சாப்பாட்டில் புளிப்பு குழம்புக்குள்ளேயே இருக்கிறது. புளி, தக்காளி, மோர், மாங்காய் என ஏதாவது ஒன்று இல்லாமல் இலை நிறைவதில்லை. துவர்ப்புக்கு வாழைப்பூ, அத்திக்காய், கடைசியில் வெற்றிலை பாக்கு. வடமேற்கு இத்தாலியில், பியட்மாண்ட் மாநிலத்தின் தெற்கே இருக்கும் லாங்கே மலைச்சரிவுகளின் வீட்டுச் சாப்பாட்டை முதன்முதலாகச் சாப்பிடும் தமிழ் நாக்கு இந்த இரண்டு சுவைகளையும் தேடித் தவிக்கும். முட்டை மஞ்சள் கரு, வெண்ணெய், சீஸ், இறைச்சி, ஹேசல்நட் என்று தட்டு முழுக்கக் கொழுப்பும் மணமும்தான். புளிப்பும் துவர்ப்பும் பக்கத்தில் நிற்கும் குவளையில் இருக்கின்றன.

டுரின் நகரில் வேலை பார்க்கிறேன். எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அங்கிருந்து ரயிலேறி ஆல்பா ஊருக்குப் போய், ஒரு வாரம் வீடெடுத்துத் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு வருகிறேன். முதல் ஆண்டு ஒரே நாளில் ஐந்து ஒயின் சாலைகளை, அதாவது ஒயின் செய்யும் இடங்களை, சுற்றினேன். மூன்றாவது இடத்திலேயே நாக்கு மரத்துப்போய்விட்டது. எதைக் குடித்தேன் என்று மறுநாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. அடுத்த ஆண்டு வரிசையை மாற்றினேன்: முதலில் சந்தை, பிறகு அடுப்பு, கடைசியில் தட்டில் எது குறைகிறது என்று பார்த்து ஒயின். இந்த நிலம் அதன்பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எப்போது வருவது

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை வாருங்கள். வேறு மாதம்தான் முடியும் என்றால் அதற்கேற்ற சாப்பாடு உண்டு. வசந்தத்தில் அஸ்பாரகஸ், கோடையில் கனாலே ஊர்ப் பீச் பழம், ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கார்மன்யோலா ஊரின் பெரிய குடைமிளகாய். ஆனால் அக்டோபரில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது: மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை டிரஃபிள் பூஞ்சை, போர்சினிக் காளான், கஷ்கொட்டை, புது ஹேசல்நட், பேரிக்காய், குவின்ஸ்.

திராட்சை அறுவடைக்கும் ஒரு வரிசை உண்டு. மொஸ்காட்டோ, ஆர்னெயிஸ் போன்ற வெள்ளை வகைகளை முதலில் பறிப்பார்கள். பிறகு டோல்செட்டோ, அடுத்து பார்பேரா, எல்லாம் முடிந்தபின் நெபியோலோ. வெயில் கூடிக்கொண்டே போவதால் முன்பெல்லாம் அக்டோபரில் இழுத்துக்கொண்டு போன வேலை இப்போது முன்னதாகவே முடிகிறது. அறுவடை நடக்கும் நாட்களில் ஒயின்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது. அது முடிந்த பின் போனால் முகம் மலர்ந்து உட்காரவைப்பார்கள்.

இந்த மாதத்தின் மூடுபனியை 'நெபியா' என்கிறார்கள். நெபியோலோ திராட்சையின் பெயரே அதிலிருந்து வந்தது என்பது ஊர் வழக்கு. காலை பத்து மணி வரை பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக மூடியிருக்கும். குன்றின் உச்சியிலுள்ள கோட்டைகளும் கோயில் மணிக்கூண்டுகளும் மட்டும் மேலே தெரியும். லாங்கே, ரொயேரோ, மொன்ஃபெராத்தோ ஆகிய திராட்சை நிலக்காட்சிகளை யுனெஸ்கோ 2014-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாம் படி: அடுப்பு உள்ள வீடு

விடுதி வேண்டாம். அங்கே சந்தையில் வாங்கியதைச் சமைக்க முடியாது. பண்ணை வீடுகளை வாடகைக்குத் தருவதை இங்கே 'அக்ரிதுரிஸ்மோ' என்கிறார்கள். முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அடிகனமான பாத்திரம் இருக்கிறதா? அடுப்பை மிகச் சிறிய தீயில் வைக்க முடியுமா? மாவு தேய்க்க அகலமான மேசை உண்டா? கத்தி எல்லா வாடகை வீட்டிலும் மொட்டையாகத்தான் இருக்கும். உங்களுடையதைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பா ஊருக்குள்ளேயே தங்கினால் கார் இல்லாமலும் சமாளிக்கலாம். டுரினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். குன்றின் மேல் தங்க ஆசைப்பட்டால் கார் கட்டாயம். அப்போது ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. இத்தாலியில் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் உச்ச வரம்பு. உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது, பூஜ்யம்தான். மலைச்சாலையில் அடுக்கடுக்காய் வளைவுகள், மூடுபனி வேறு.

மூன்றாம் படி: நான்கு ஒயின்களை நாக்கால் தெரிந்துகொள்ளுதல்

ஒயின் பேச்சில் அதிகம் அடிபடும் சொல் 'டானின்'. பல மொழிக்காரர்கள் அதை விளக்க வாய் வறளுவது, உரசுவது என்று எதையெதையோ சொல்லிப் பார்க்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. நாவல் பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புதான் டானின். அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. அந்த அறிவோடு குவளையை எடுங்கள்.

டோல்செட்டோ: பெயருக்குப் பொருள் 'சின்ன இனிப்பு'. ஆனால் ஒயினில் இனிப்பு கிடையாது. ஆழ்ந்த ஊதா நிறம், புளிப்புக் குறைவு, கடைசியில் பாதாம் தோலின் இளங்கசப்பு. இங்கே வீடுகளில் அன்றாடம் மேசைக்கு வருவது இதுதான்.

பார்பேரா: புளிப்பு மிகுதி, துவர்ப்பு சொற்பம். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு முதல் நாளே பிடித்துப்போகும். கொழுப்பான எந்த உணவுக்கும் அஞ்சாமல் ஊற்றலாம். முதல்முறை வருபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பார்பேராதான், புகழ்பெற்ற பரோலோ இல்லை.

நெபியோலோ: பரோலோ, பார்பரெஸ்கோ இரண்டும் இந்த ஒரே திராட்சையிலிருந்து வருபவை. கறுப்பாக, கெட்டியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஊற்றினால் வெளிறிய செங்கல் நிறம். ரோஜாவும் தாரும் கலந்த மணம். வாயில் வைத்தால் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும். வெறுமனே குடித்தால் கடுமையாகத் தெரிவது, வெண்ணெயோ இறைச்சியோ கூடச் சேர்ந்ததும் அடங்கிப்போகும். டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை கொண்டது. சாப்பாடு இல்லாதபோது நம் உமிழ்நீரின் புரதத்தைப் பிடிக்கிறது. சாப்பாடு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்கிறது.

மொஸ்காட்டோ தாஸ்தி: இனிப்பு, மெல்லிய நுரை, ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி. பரோலோவில் இது 13, 14 சதவீதம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நினைவு வந்து மிளகாய்ப் பொடியைத் தேடும் நாளில் திறக்கவேண்டியது மொஸ்காட்டோ. மிளகாய்க் காரம் டானினையும் ஆல்கஹாலையும் கடுமையாக்கும். இனிப்போ காரத்தைத் தணிக்கும். காரமான கோழி வறுவலோடு பரோலோவைத் திறந்து இரண்டையும் வீணாக்கிய இரவு எனக்கு ஒன்று உண்டு.

வெள்ளை ஒயினில் ரொயேரோ ஆர்னெயிஸை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அழிந்துபோகும் நிலையில் இருந்த அந்தத் திராட்சையை 1960-களில் மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவர் அல்ஃப்ரெடோ குர்ராடோ. தானாரோ ஆற்றின் இடக்கரையிலுள்ள ரொயேரோவில் மணல் கலந்த நிலம். அங்கே ஆர்னெயிஸ் நன்றாக வருகிறது. வலக்கரை லாங்கேயில் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த மண். அங்கே, பனி முதலில் உருகும் தெற்குப் பார்த்த சரிவை நெபியோலோவுக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த இடங்களில் டோல்செட்டோவையும் இன்னும் மேலே ஹேசல்நட் மரங்களையும் வைக்கிறார்கள். வெயிலைப் பாகப்பிரிவினை செய்து கொடுத்தது போல அந்தக் குன்றுகள் எனக்குத் தோன்றும்.

நான்காம் படி: சனிக்கிழமைச் சந்தை

ஆல்பாவில் சனிக்கிழமை காலை பழைய நகரின் தெருக்கள் முழுக்கச் சந்தை. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை வந்து சேருமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டே நடங்கள். எது எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரத்தின் காய். இரண்டாம் சுற்றில் வாங்குங்கள்.

நீங்கள் தேடவேண்டியவற்றில் முதலாவது 'கார்டோ கோபோ', அதாவது கூனல் கார்டோ என்ற தண்டுக்காய். நிஸ்ஸா மொன்ஃபெராத்தோ பக்கத்தில் விளைவது. வளர்ந்த செடியை வளைத்து மண்ணால் மூடிவிடுவார்கள். வெளிச்சம் தேடி எழ முயன்று தண்டு கூன் விழுந்து, பச்சை இழந்து வெண்மையாகி, பச்சையாகவே கடித்துத் தின்னும் அளவுக்கு மெதுவாகிவிடும். பிறகு செர்வெரே ஊரின் லீக் என்ற வெங்காயத்தாள் வகை, மடெர்னாஸா பேரிக்காய், போர்சினி. சீஸ் கடையில் ரொக்கவெரானோ ஊரின் ஆட்டுப்பால் ரொபியோலா கொஞ்சம், காஸ்தெல்மான்யோ கொஞ்சம். முட்டை வாங்கும்போது 'பாஸ்தா ஜல்லா' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அவற்றின் கரு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மாவு பிசைய அதுதான் வேண்டும்.

டிரஃபிள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெள்ளை டிரஃபிள் மண்ணுக்கடியில் ஓக், பாப்லர், லிண்டன் போன்ற மரங்களின் வேரோடு கூட்டு வாழ்வு நடத்தும் பூஞ்சை. யாராலும் இதுவரை கோதுமை போலப் பயிரிட முடியவில்லை. 'டிரிஃபுலாவு' என்று அழைக்கப்படும் தேடுபவர், பழக்கிய நாயோடு இரவிலும் விடியலிலும் காட்டுக்குள் போய்த் தோண்டி எடுக்கிறார். இந்தத் தேடும் கலையும் 2021-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இலையுதிர் காலம் முழுவதும் ஆல்பாவில் டிரஃபிள் திருவிழா நடக்கும். விலையைக் கேட்டால் தயக்கம் வரும். ஆனால் ஆளுக்கு 10 கிராம் போதும். நான்கு பேருக்கு ஒரு சிறிய நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிதான துண்டு. கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்கவேண்டும். மூக்கருகே வையுங்கள்; பூண்டும் தேனும் ஈர வைக்கோலும் கலந்தாற்போல மணந்தால் வாங்கலாம். அமோனியா வாடை வந்தால் வேண்டாம். வாங்கியதைக் காகிதத்தில் சுற்றி, மூடிய பாட்டிலில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்து, காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

டிரஃபிள் எண்ணெய் என்று அழகான குப்பியில் விற்பதை வாங்காதீர்கள். பெரும்பாலானவற்றில் செயற்கை வாசனைப் பொருள்தான் இருக்கிறது. அந்தக் காசில் ஒரு நல்ல பார்பேரா கிடைக்கும்.

ஐந்தாம் படி: ஒரு நாளைக்கு இரண்டு ஒயின் சாலைகள், அதற்கு மேல் வேண்டாம்

இங்கே ஒயின் சாலையைக் 'கான்டினா' என்பார்கள். பலவும் வீட்டோடு சேர்ந்த குடும்பத் தொழில். நினைத்த நேரத்தில் கதவைத் தட்டமுடியாது. இரண்டு மூன்று வாரம் முன்பே எழுதி நேரம் கேளுங்கள்; ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும். காலை பத்தரைக்கு ஒன்று, மாலை மூன்றரைக்கு ஒன்று, நடுவில் சாப்பாடு. சுவைத்தபின் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பரோலோ என்ற பெயரில் ஒயின் செய்ய 11 ஊர்களின் நிலங்களுக்கு மட்டுமே உரிமை. விற்பனைக்கு வருமுன் 38 மாதம் முதிரவேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம். மேற்கே லா மொர்ரா பக்கம் மணம் முந்தி நிற்கும், வாயில் மென்மை. கிழக்கே செர்ராலுங்கா பக்கம் துவர்ப்பு இறுகியிருக்கும், நீண்ட காலம் காத்திருக்கவேண்டும். ஒரே நாளில் காலை லா மொர்ரா, மாலை செர்ராலுங்கா என்று போனால் இந்த வேற்றுமையை நாக்கே சொல்லிவிடும்.

பார்பரெஸ்கோ ஊரையும் விட்டுவிடாதீர்கள். அங்கே வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்துக்குள் அந்தப் பகுதியின் ஒயின்களை வைத்து விற்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு கூட்டுறவு ஒயின் சாலை, 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ'. 1958-ல் ஊர்ப் பாதிரியார் ஒருவர், சிறு நிலம் வைத்திருந்த 19 குடும்பங்களைச் சேர்த்துத் தொடங்கியது. தனித்தனியே விற்றுப் பிழைக்க முடியாமல் இளைஞர்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இன்று உலகம் முழுவதும் மதிக்கப்படும் ஒயின் அங்கிருந்து வருகிறது, விலையும் நியாயம். நான் தவறாமல் வாங்குவது அவர்களுடைய 'லாங்கே நெபியோலோ'. அதே திராட்சை, இளவயது, பரோலோ விலையில் பாதிகூட இல்லை. வீட்டுச் சமையலுக்கு இதுவே பொருத்தம்.

ஆறாம் படி: சமையல்

*பான்யா கௌடா.* பியட்மாண்ட் பேச்சில் இதற்கு நேர்ப்பொருள் 'சுடு குழம்பு'. பூண்டு, உப்பிட்ட நெத்திலி, ஆலிவ் எண்ணெய், மூன்றே பொருள்கள். கடலே இல்லாத மலைநாட்டுக்கு நெத்திலி எப்படி வந்தது? லிகூரியக் கடற்கரையிலிருந்து உப்பும் உப்புமீனும் மலைப்பாதைகளில் ஏறி வந்தன. மைரா பள்ளத்தாக்கு விவசாயிகள் குளிர்காலத்தில் நிலத்தில் வேலை இல்லாதபோது வண்டியில் நெத்திலி ஏற்றி ஊர் ஊராக விற்றார்கள். கருவாட்டுக்காரர் தெருவில் வரும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்தக் கதையைக் கேட்டதும் இந்த நாடு சட்டென்று நெருக்கமாகிவிட்டது. அறுவடை முடிந்து புது ஒயினைச் சுவைக்கும்போது தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே சட்டியில் தோய்த்துச் சாப்பிட்ட உணவு இது.

நான்கு பேருக்கு 4 முழுப் பூண்டு. ஆம், ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு. உப்பிட்ட நெத்திலி 200 கிராம், ஆலிவ் எண்ணெய் இரண்டு ஒயின் குவளை. பூண்டை உரித்து, ஒவ்வொரு பல்லையும் பிளந்து நடுவிலுள்ள முளையை எடுத்துவிட்டு, மெல்லிசாக நறுக்குங்கள். மறுநாள் வரை வாயில் நிற்கும் காட்டத்தை அந்த முளை கூட்டிவிடும் என்பார்கள். நெத்திலியின் உப்பைத் தண்ணீரில் கழுவி, முள் நீக்கி, கொஞ்சம் சிவப்பு ஒயினில் அலசி, துடைத்து வையுங்கள்.

மண்சட்டியில் ஒரு பங்கு எண்ணெயும் பூண்டும் போட்டு, இருப்பதிலேயே சின்னத் தீயில் வையுங்கள். தாளிக்கும் கை இங்கே பொறுமை பழகவேண்டும். பூண்டு சிவக்கவே கூடாது, சத்தம்கூட வரக்கூடாது. மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் மெதுவாகக் குழைந்துவரும். அப்போது நெத்திலியைச் சேர்த்துக் கிளறினால் கரைந்துவிடும். மீதி எண்ணெயை ஊற்றி இன்னும் அரை மணி நேரம். கொதிக்கத் தொடங்கினால் அடுப்பிலிருந்து இறக்கி, ஆறவிட்டு மறுபடி ஏற்றுங்கள். நான் தங்கும் வீட்டுக்காரப் பாட்டி சட்டியருகே காதை வைத்துக் கேட்பார். பொரியும் ஓசை கேட்டால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

அடியில் மெழுகுவர்த்தி எரியும் சிறு மண்பாத்திரத்தில் அதைச் சூடாகவே வைத்துக்கொண்டு, கூனல் கார்டோ, வேகவைக்காத குடைமிளகாய், சுட்ட குடைமிளகாய், முட்டைக்கோஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்று ஒவ்வொன்றாகத் தோய்த்துச் சாப்பிடவேண்டும். உப்பு, கொழுப்பு, பூண்டின் இனிப்பு மூன்றும் இருக்கின்றன, புளிப்பு இல்லை. ஆகவே பார்பேரா, இளவயதுடையது, 16 டிகிரி குளிர்ச்சியில். ஒரு வாய்க்கு ஒரு மிடறு போதும், நாக்கு மறுபடி புதிதாகிவிடும். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும்போது ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிச் சாப்பிடுவது மரபு. அந்தக் கடைசி வாய்க்காகவே நான் முன்னே கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவேன்.

*தாயரின்.* இழை போன்ற முட்டை நூடுல்ஸ். ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு, சில வீடுகளில் அதற்கும் மேல். நான்கு பேருக்கு: மென்மையான கோதுமை மாவு 400 கிராம் (நம் மைதா கிட்டத்தட்ட அதுதான்), மஞ்சள் கரு 12, முழு முட்டை 1. தண்ணீர் வேண்டாம். பிசையும்போது வறண்டு உதிர்வதுபோல இருக்கும், பயப்படாமல் பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். மூடி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மேசை தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, மேலே மாவு தூவிச் சுருட்டி, கூர்மையான கத்தியால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக நறுக்குங்கள். உப்புத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும்.

வாணலியில் வெண்ணெயை உருக்கி, தாயரின் வெந்த தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டு, தாயரினைப் புரட்டித் தட்டில் வையுங்கள். டிரஃபிளை மேசைக்கு வந்தபின், சாப்பிடுபவரின் கண்முன்னே, தாள் போலச் சீவிப் போடவேண்டும். அதை அடுப்பில் ஏற்றினால் மணம் ஓடிவிடும். தட்டின் சூடே அதற்குப் போதும். சீஸ், பூண்டு, மிளகு எதுவும் வேண்டாம். கூட பார்பரெஸ்கோவோ லாங்கே நெபியோலோவோ. டிரஃபிள் வாங்க முடியாவிட்டால் வெண்ணெயில் நான்கு சேஜ் இலையைப் பொரியவிட்டுப் புரட்டுங்கள். அதுவும் குறைவற்ற சாப்பாடு, அதற்கு டோல்செட்டோ போதும்.

*பிரசாத்தோ.* ஒயினில் ஊறவைத்து மெதுவாக வேகவைத்த இறைச்சி. இங்கே மாட்டின் தோள்பகுதியில் 'பாதிரியார் தொப்பி' என்று கசாப்புக் கடையில் அழைக்கும் துண்டை எடுப்பார்கள். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் ஆட்டுத் தோள்கறியில் செய்யலாம், நேரத்தை மட்டும் குறையுங்கள். ஒன்றேகால் கிலோ துண்டை வெட்டாமல், வெங்காயம், காரட், செலரி, லாரல் இலை, ரோஸ்மேரி, நான்கு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, கொஞ்சம் மிளகோடு ஒரு புட்டி ஒயினில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பட்டை கிராம்பைக் கண்டதும் கை தாராளமாகும், அடக்குங்கள். மறுநாள் கறியை எடுத்து நன்றாகத் துடைத்து, வெண்ணெயும் எண்ணெயும் கலந்து எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, வடிகட்டிய காய்களை வதக்கி, ஒயினை ஊற்றி மூடிப்போட்டு மூன்று மணி நேரம். முடிவில் காய்களை மசித்தால் அதுவே குழம்பு.

பரோலோவில் செய்வதுதான் பெயர்பெற்ற முறை. ஆனால் மூன்று மணி நேரம் வெந்தபின் அத்தனை ஆண்டு முதிர்வின் மணம் எதுவும் மிஞ்சாது என்பது என் கருத்து. சட்டிக்கு பார்பேராவை ஊற்றுங்கள், பரோலோவைக் குவளைக்கு வையுங்கள். பரோலோ இளவயதாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயகன்ற ஜாடியில் ஊற்றிக் காற்றாட விடுங்கள்.

*சைவர்களுக்கு.* கார்மன்யோலா குடைமிளகாயைத் தணலில் சுட்டு, தோலுரித்து, ரொபியோலாவை உள்ளே வைத்துச் சுருட்டி, வறுத்த ஹேசல்நட் தூவினால் ஆர்னெயிஸுக்கு நல்ல துணை. அடுத்து அரிசி. பியட்மாண்டின் வெர்செல்லி சமவெளி இத்தாலியின் பெரிய நெல் களஞ்சியம். கர்னரோலி அரிசியில் ரிசோட்டோ செய்து, இறக்கும்போது காஸ்தெல்மான்யோ சீஸையும் வெண்ணெயையும் அடித்துக் கலந்தால், பரோலோவின் துவர்ப்புக்கு இறைச்சியே தேவையில்லை என்று தெரியும். மிஞ்சிய கர்னரோலியைக் குழைய வேகவிட்டுத் தயிர்சாதம் செய்தேன். நம் ஊர் அரிசியில்கூட எனக்கு அப்படி அமைந்ததில்லை.

இனிப்புக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மடெர்னாஸா பேரிக்காயை முழுதாக, காம்போடு, மீதமிருக்கும் சிவப்பு ஒயினில் சர்க்கரையும் கிராம்பும் சேர்த்து ஒரு மணி நேரம் வேகவையுங்கள். அல்லது பேக்கரியில் ஹேசல்நட் கேக் வாங்கி, குளிர்ந்த மொஸ்காட்டோ திறந்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: அளவும், குடிக்காதவர்களும்

ஒரு வேளைக்கு நூறு மில்லி அளவில் ஊற்றி, சாப்பாட்டோடு மட்டும், பக்கத்தில் தண்ணீரோடு குடிப்பது இந்த ஊர்ப் பெரியவர்களின் பழக்கம். மது எந்த அளவிலும் முழுப் பாதுகாப்பு அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தெரிந்தே அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி குடிப்பதில்லை. அவளுக்காக 'கொன்யா' வாங்குவோம்: புதுத் திராட்சைச் சாற்றைப் பேரிக்காய், குவின்ஸ், ஹேசல்நட் சேர்த்து மணிக்கணக்காகக் காய்ச்சிய, கருநிறத் தொக்கு. சீஸோடு ஒரு கரண்டி கொன்யா வைத்தால் அந்தத் தட்டுக்கு வேண்டிய புளிப்பும் துவர்ப்பும் வந்துவிடும். எலுமிச்சை பிழிந்த சோடாவும் பான்யா கௌடாவுக்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

எட்டாம் படி: எடுத்துச் செல்வது

இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டுபோகலாம். 750 மில்லி புட்டி இரண்டு தாராளமாக அடங்கும். ஒன்று பார்பேரா, ஒன்று பரோலோ என்று எடுங்கள். துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில், சரக்குப் பகுதிக்குப் போகும் பையில் வையுங்கள். கூடவே உப்பிட்ட நெத்திலி ஒரு டப்பா. ஊர் வெயிலில் புட்டியை அலமாரியில் வைக்காதீர்கள். குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்து, குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். பார்பேராவை முதல் வாரமே திறந்துவிடலாம். பரோலோ வயதானதென்றால் பயணத்தில் அடிமண்டி கலங்கியிருக்கும். நான்கைந்து நாள் நிமிர்த்தி வைத்து, தெளிந்த பிறகு, வெண்ணெயில் வதக்கிய காளானோ மிளகுக் கறியோ செய்த ஒரு மாலையில் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். அன்று புளிக்குழம்பு வேண்டாம்.